மந்தைவெளியில் சீமைக்கருவேலத்தை எடுத்த பிறகு என்ன செய்வது: அடர்வனமா, புல்லா?

மந்தைமேட்டான் (கேள்வி)

வணக்கம். சிவகங்கை மாவட்டத்தில் ஒரு மானாவாரி ஊர். ஊருக்குக் கிழக்கே 6 ஏக்கர் மந்தைவெளி (ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம்) இருக்கிறது, வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டிலும் மந்தைவெளிப் புறம்போக்கு என்றே உள்ளது. பாதிக்கு மேல் சீமைக்கருவேலம் அடைத்துவிட்டது. நடுவில் 30 சென்ட் குட்டை, தூர்ந்து போய் ஓரமெல்லாம் நெய்வேலிக் காட்டாமணக்கு. வடமேற்கு மூலையில் அய்யனார் கோயில், அதைச் சுற்றிக் கால் ஏக்கருக்கு வீரை, உலக்கைப்பாலை, ஆதொண்டைக் கொடி என்று பழைய மரஞ்செடிகள். தென்புறம் கொஞ்சம் பனை. அதில் மூன்று பட்டுப்போன மொட்டைப் பனை. மண் செம்மண் சரளை, குட்டையைச் சுற்றி மட்டும் களி. ஊரில் ஆடு 200, மாடு 40 இருக்கும்.

இளைஞர் மன்றத்தினர் மொத்தத்தையும் ஜேசிபி விட்டுச் சுத்தம் செய்து மியாவாக்கி அடர்வனம் போடலாம் என்கிறார்கள். கன்றும் கம்பி வேலியும் தர ஒருவர் முன்வந்திருக்கிறார். ஆட்டுக்காரர்களுக்கு இதில் சம்மதமில்லை. பெரியவர்கள், மந்தையில் முன்பு இருந்த கௌதாரி, காடை, முயல் திரும்பினாலே போதும் என்கிறார்கள். எதை முதலில் செய்வது, எந்த மாதத்தில், எவ்வளவு? விவரமாகச் சொன்னால் கிராம சபையில் வைக்க உதவும்.

---

புல்லுக்கட்டு

உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொன்ன மூன்று பெயரையும் பாருங்கள். கௌதாரி, காடை, முயல். மூன்றும் திறந்த வெளியில், புல்லும் புதரும் கலந்த இடத்தில் வாழ்பவை. அடர்வனத்துக்குள் இவற்றில் ஒன்றும் குடிவராது. மியாவாக்கி முறையில் ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று வைப்பார்கள். இரண்டு மூன்று வருஷம் விடாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். நகரத்தில் ஒரு பத்து சென்ட் தரிசுக்கு அது சரி. செம்மண் சரளையில் 6 ஏக்கருக்கு அதைச் செய்தால் தண்ணீர் லாரி நின்ற அன்றே காய ஆரம்பிக்கும். தப்பித்துப் பிழைத்தாலும் மந்தை என்ற வாழிடம் போய்விடும். நன்கொடையாளரிடம் கன்றுக்குப் பதிலாக ஜேசிபி வாடகையும் புல் விதையும் கேளுங்கள்.

இப்போது வேலை வரிசை.

முதலில் எதையும் பிடுங்காமல் ஒரு வரைபடம் போடுங்கள். எங்கே புல் இருக்கிறது, எங்கே நாட்டு மரம் தப்பிப் பிழைத்திருக்கிறது, எங்கே மழைத் தண்ணீர் ஓடுகிறது, ஆடு எந்தத் தடத்தில் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நாட்டு மரங்களின் தூரில் சுண்ணாம்பு அடித்து அடையாளம் வையுங்கள். ஜேசிபி ஓட்டுநருக்கு முள் மரம் எல்லாம் ஒன்றுதான். நாட்டுக் கருவேலத்தில் பூ மஞ்சள் உருண்டை, காய் விதைக்கு விதை இடுக்கி மணிமாலை மாதிரி இருக்கும். சீமைக்கருவேலத்தில் பூ நீளக் கதிராகத் தொங்கும், காய் இடுக்காமல் மஞ்சளாக நீண்டிருக்கும். வெள்வேலத்துக்குப் பட்டை வெளிறியிருக்கும். பூவும் காயும் இல்லாத மாதத்தில் இந்தக் குழப்பம் அதிகம், ஆகவே அடையாளம் வைக்கும் வேலையைப் பூ இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

பிறகு அகற்றுவது. சீமைக்கருவேலம் துளிர்ப்பது அடித்தூரில், மண்மட்டத்துக்குக் கீழே ஒரு சாண், ஒன்றரைச் சாண் வரை இருக்கும் மொட்டுகளிலிருந்து. தரையோடு வெட்டினால் ஒரு தண்டு இருந்த இடத்தில் எட்டுத் தண்டு வரும், அடுத்த வருஷம் உள்ளே நுழையவே முடியாது. ஒரு அடிக்குக் கீழே தூரோடு எடுத்துவிட்டால் அதற்கும் கீழே போகும் ஆழ வேரைத் தேடி அலைய வேண்டாம். அது துளிர்க்காது. பலர் ஆணிவேர் வரை தோண்டுகிறேன் என்று ஆறடிக் குழி போட்டு மேல்மண்ணைப் புதைத்து, அடிச் சரளையை மேலே கொண்டுவந்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் பல வருஷத்துக்குப் புல் நிற்காது. மணிக்கட்டுப் பருமனுக்குக் குறைந்ததை ஆள் வைத்துக் கடப்பாரையால் எடுங்கள், பெரியதுக்கு மட்டும் ஜேசிபி.

மாதம்: ஆகஸ்ட் நடுவில் தொடங்கி செப்டம்பர் கடைசிக்குள் முடியுங்கள். ஆடியில் ஒரு இடிமழை விழுந்திருந்தால் மண் இளகியிருக்கும். தரையில் முட்டையிடும் பறவைகள் பெரும்பாலும் அதற்குள் குஞ்சு பொரித்து முடித்திருக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் விதை தூவ இரண்டு மூன்று வாரம் கிடைக்கும். ஜனவரியில் பிடுங்கி வெற்றுத் தரையாக விட்டால், கோடை முழுதும் மேல்மண் காற்றில் போகும், அடுத்த மழைக்குப் பார்த்தீனியம்தான் முதலில் வரும்.

6 ஏக்கரையும் ஒரே வருஷத்தில் தொடாதீர்கள். வருஷத்துக்கு மூன்றில் ஒரு பங்கு. இப்போது அந்த முள்ளுக்குள்தான் முயலும் கௌதாரியும் ஒண்டிக்கிடக்கும், போக இடம் விட வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. எடுத்த இடத்தில் அடுத்த மழைக்கு நாற்றங்கால் போல முளைத்து வரும் சீமைக்கருவேலக் கன்றைப் பிடுங்க உங்களிடம் எத்தனை கை இருக்கிறது என்பதுதான் பரப்பைத் தீர்மானிக்க வேண்டும். மண்ணில் கிடக்கும் விதை பல வருஷம் உயிரோடு இருக்கும். முதல் நல்ல மழைக்குப் பிறகு ஒரு மாதத்தில் ஒரு சுற்று, தை மாதத்தில் ஒரு சுற்று, அடுத்த வருஷமும் அதே இரண்டு. ஈர மண்ணில், கன்று ஒரு சாணுக்குள் இருக்கும்போது பிடுங்கினால் வேரோடு வரும். முழங்கால் உயரம் வந்துவிட்டால் மண்வெட்டி இல்லாமல் வராது. பல ஊர்களில் தோற்றுப் போவது இந்த இடத்தில்தான். ஜேசிபி வந்த நாளில் போட்டோவுக்கு நிற்க ஆள் வரும், தை மாதம் கன்று பிடுங்க ஒருவரும் வரமாட்டார்.

---

கிளுவைவேலி

மேலே சொன்னதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். வேலியும் மேய்ச்சலும் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் ஆட்டுக்காரர்களைப் பகைத்துக்கொண்டு எந்த மந்தையும் மீண்டதில்லை.

மந்தை முழுவதையும் கம்பி போட்டு அடைக்கக் கூடாது. முதல் காரணம், ஒரே மாதத்தில் கம்பி அறுக்கப்படும். இரண்டாவது, மேய்ச்சலே இல்லாத புல் இரண்டு வருஷத்தில் முற்றி மடிந்து மெத்தையாகும். கீழே புது முளை வராது, சித்திரையில் ஒரு பீடி நெருப்பு போதும். கொங்குப் பக்கம் கொறங்காடு என்று வைத்திருக்கிறார்களே, காங்கேயம், தாராபுரம் வட்டாரத்தில், அதன் அமைப்பு உங்களுக்குப் பொருந்தும். சுற்றி கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். மாடும் மேயும், கௌதாரியும் இருக்கும்.

இடத்தை மூன்று துண்டாகப் பிரியுங்கள். மழை தொடங்கியதும், அதாவது அக்டோபரிலிருந்து தை முடியும் வரை, ஒரு துண்டை அடைத்துவிடுங்கள். புல் பூத்து, விதை உதிர்ந்த பிறகு திறங்கள். மற்ற இரண்டும் மேய்ச்சலுக்கு. அடுத்த வருஷம் வேறு துண்டு. அகற்றும் வேலை எந்தத் துண்டில் நடக்கிறதோ அதையே அந்த வருஷம் அடையுங்கள், இரண்டும் ஒத்துப்போகும். அடைத்த துண்டிலும் அரிவாளால் புல் அறுத்துக்கொண்டு போக அனுமதி கொடுங்கள், விதை உதிர்ந்த பிறகு. யாருக்கு எந்தப் பக்கம் என்பதை ஆட்டுக்காரர்களே பேசி முடிக்கட்டும். குழுவில் அவர்கள் இல்லாமல் எழுதும் விதி தாளோடு நிற்கும்.

வேலிக்குக் கிளுவைப் போத்து, அதாவது நடுவதற்கு வெட்டிய கிளை. கட்டைவிரல் பருமன், மூன்றிலிருந்து நான்கு அடி நீளம். இலை உதிர்ந்திருக்கும் கோடையில் வெட்டி, நிழலில் சில நாள் போட்டு வெட்டுவாய் காய்ந்த பிறகு, மழைக்கு முன்னால் ஒரு அடி ஆழத்தில் ஊன்ற வேண்டும். சொதசொதவென்ற ஈரத்தில் ஊன்றினால் அடி அழுகும். ஓர் அடி தூரத்துக்கு ஒரு போத்து போதும். 6 ஏக்கர் ஏறக்குறையச் சதுரமாக இருந்தால் சுற்றளவு 625 மீட்டர், அதாவது 2,050 அடி. அய்யனார் கோயில் பக்கத்தையும் மாட்டு வழியையும் கழித்தால் 1,800 போத்து வேண்டும், பட்டுப்போவதற்கு நூற்றுக்கு இருபது சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வருஷம் ஆடு கடிக்காமல் இருக்க, வெட்டிய சீமைக்கருவேல முள்ளையே வெளிப்பக்கம் அடுக்குங்கள். காய் இருக்கும் கொப்பை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். மாடு தின்றுவிட்டு உள்ளே போய்ச் சாணம் போடும், சாணத்தில் விதை அழகாக முளைக்கும். காய்க்கும் காலத்தில் வெளியே சீமைக்கருவேலக் காட்டில் மேய்ந்துவிட்டு வரும் மாட்டை நேராக மந்தைக்குள் விடாமல், ஒரு வாரம் பட்டியில் கட்டிப் போட்டு விடுவது நல்லது.

யாரும் சொல்லாத ஒன்று: மாட்டுக்குக் குடற்புழு மருந்தாக ஐவர்மெக்டின் போட்டால் அது சாணத்தில் வெளிவரும். சாணவண்டு செத்துப் போகும், சாணம் மட்கவும் செய்யாது. மருந்து போட்ட மாட்டை இரண்டு வாரம் வீட்டிலோ வேறு இடத்திலோ மேய்க்கச் சொல்லுங்கள். கால்நடை மருத்துவரிடம் வேறு மருந்து உண்டா என்று கேட்கலாம், உண்டு.

---

அடங்கல்_பத்து

காகித வேலை. சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதைச் செய்யாமல் ஒரு குச்சியைக்கூட வெட்டாதீர்கள்.

கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டு நகல், புலப்படம் இரண்டும் வாங்குங்கள். நில அளவரை வைத்து எல்லையை அளந்து கல் நடுங்கள். ஆக்கிரமிப்பு இருந்தால் இந்தக் கட்டத்திலேயே தெரியும், வேலி போட்ட பிறகு தெரிந்தால் சண்டை. மேய்ச்சல் நிலம், களம், மந்தை, தோப்பு போன்றவற்றின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இன்படி ஊராட்சிக்கு உண்டு. அதனால் கிராம சபைத் தீர்மானம்தான் உங்கள் அடிப்படை ஆவணம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் சபை கூடும். ஆகஸ்ட் வேலைக்கு மே 1-ஆம் தேதியே தீர்மானம் போடுங்கள். தீர்மானத்தில் புல எண், பரப்பு, 'மந்தைவெளியாகவே தொடரும்' என்ற வாசகம் மூன்றும் இருக்கட்டும். நாளைக்கு யாராவது அங்கே கட்டடம் கட்ட வந்தால் அந்த வாசகம் பேசும். பொது நில ஆக்கிரமிப்பை அகற்றி ஊர்மக்களிடம் மீட்டுக் கொடுக்க வேண்டும் என்று 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் மனுவில் சேர்க்கலாம்.

மரத்தை விருப்பம்போல் வெட்டி விற்கக் கூடாது. மதிப்பு நிர்ணயித்து ஊராட்சி மூலம் ஏலம் விட வேண்டும். தமிழக அரசு 2022-இல் அந்நியக் களைத் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டிருக்கிறது, விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிடுங்கள்.

அடுத்து, ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கிறதா என்று பாருங்கள். பல்லுயிர்ச் சட்டம் 2002, பிரிவு 41-இன்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் இருக்க வேண்டியது. பல இடங்களில் பெயரளவில் இருக்கும். மந்தையின் செடி, பறவை, பூச்சி, மேய்ச்சல் வழக்கம், மருந்துச் செடி எல்லாம் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் ஏறட்டும். அதே சட்டத்தின் பிரிவு 37-இல்தான் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் ஆனது. அது 193 ஹெக்டேர். ஆனால் 2025-இல் அறிவிக்கப்பட்ட திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டி கோயில் காடு 4.97 ஹெக்டேர்தான், பன்னிரண்டு ஏக்கர் சொச்சம். ஆகவே இடம் சின்னது என்று யாரும் தள்ளிவிட முடியாது. உங்கள் அய்யனார் கோயில் கால் ஏக்கரைப் பதிவேட்டில் தனியாக எழுதுங்கள்.

---

மந்தைமேட்டான்

மூன்று பேருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். ஏலம் எடுப்பவர்கள் விறகு வெட்டிக்கொண்டு தூரை விட்டுவிட்டுப் போவதாகப் பக்கத்து ஊர்களில் சொல்கிறார்கள், எப்படித் தடுப்பது? இன்னொன்று, புல் வளர்ந்தால் பாம்பு வரும், மயில் பெருகி நெல்லைத் தின்னும் என்று கிழக்குத் தெருக்காரர்கள் பயப்படுகிறார்கள்.

---

அடங்கல்_பத்து

ஏல நிபந்தனையில் 'வெட்டி எடுத்தல்' என்று எழுதாதீர்கள், 'தூருடன் அகற்றி, குழி மூடி, நிலத்தைச் சமன் செய்து ஒப்படைத்தல்' என்று எழுதுங்கள். வைப்புத்தொகையை வேலை முடிந்த அன்று திருப்பித் தராமல், முதல் பருவமழைக்குப் பிறகு துளிர் பார்த்துத் திருப்பித் தருவதாக வையுங்கள். சுண்ணாம்பு அடித்த மரத்தில் கை வைத்தால் மரத்துக்கு இவ்வளவு பிடித்தம் என்பதையும் சேருங்கள். கரி மூட்டம் மந்தைக்குள் போடக் கூடாது. மூட்டம் போட்ட இடத்தில் மண் வெந்து வெகுகாலம் ஒன்றும் முளைக்காது.

இந்த நிபந்தனைகளுக்கு ஏலத்தொகை குறையும். குறையட்டும்.

---

வால்காக்கை

பாம்புக்கு பதில்: வீடுகளை ஒட்டி பத்து மீட்டர் அகலத்துக்குப் புல்லைக் குட்டையாக வைத்திருங்கள், அந்தப் பட்டையில் ஆடு தினமும் மேயலாம். வெட்டிய விறகு, செங்கல், ஓடு எதையும் அங்கே அடுக்காதீர்கள். பாம்பு தேடிவருவது எலியையும் ஒளிய இடத்தையும்தான். இப்போதுள்ள முள்காட்டில் இரண்டும் உண்டு. மயிலுக்கும் காட்டுப்பன்றிக்கும் பகலில் பதுங்க வசதியானது சீமைக்கருவேலப் புதர்தானே தவிர, முழங்கால் உயரப் புல் அல்ல. மயில் சட்டப்படி உச்சப் பாதுகாப்பில் உள்ள பறவை, முட்டையை எடுத்தாலும் குற்றம், இதைச் சபையில் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

பறவை விஷயத்தில் நான் வலியுறுத்துவது அந்த மூன்று மொட்டைப் பனை. அழகில்லை, விழுந்துவிடும் என்று முதல் நாளே வெட்டுவார்கள். பனங்காடையும் புள்ளி ஆந்தையும் கூடு வைப்பது அந்தப் பொந்துகளில்தான். பாதையை விட்டுத் தள்ளி இருந்தால் விழும்வரை நிற்கட்டும். உயிரோடு இருக்கும் பனையில் காய்ந்து தொங்கும் மட்டைகளை மொத்தமாகக் கழிக்காதீர்கள். பனை உழவாரன் அந்த ஓலையின் அடியில் கூடு ஒட்டுகிறது. எல்லா மரத்திலும் மட்டை வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பாதி மரம் இந்த வருஷம், பாதி அடுத்த வருஷம்.

சிவப்பு மூக்கு ஆள்காட்டி வெறும் சரளைத் தரையில் முட்டையிடும். பெரும்பாலும் நான்கு முட்டை, கூழாங்கல்லோடு கலந்து கண்ணுக்கே தெரியாது. பங்குனி முதல் ஆடி வரை சரளை மேட்டில் டிராக்டர், கிரிக்கெட், பார்க்கிங் மூன்றையும் தள்ளி வையுங்கள். அந்தச் சரளை மேட்டில் புல் விதைக்கவும் வேண்டாம், மொட்டையாகவே இருக்கட்டும். வானம்பாடிக்கும் அதுதான் பிடிக்கும். குளிர்காலத்தில் வரும் பூனைப்பருந்து உயரமான புல்லுக்குள் தரையில்தான் இரவு அடையும், எனவே அடைத்து வைக்கும் துண்டில் மாலை ஐந்து மணிக்கு மேல் யாரும் நடமாடாமல் பார்த்துக்கொண்டால் அதுவும் தங்க வாய்ப்புண்டு.

தெருநாய் பற்றி யாரும் பேசவில்லை. கறிக்கடைக் கழிவு மந்தையோரம் கொட்டப்படும்வரை நாய் இருக்கும், நாய் இருக்கும்வரை முயலும் கௌதாரிக் குஞ்சும் மிஞ்சாது. வேலைக்கு முன்னால் அதை நிறுத்துங்கள். உயர்கோபுர விளக்கு இருந்தால் வெளிச்சம் கீழ்நோக்கி மட்டும் விழுமாறு திருப்பி, இரவு பத்துக்கு மேல் அணையுங்கள்.

கணக்கெடுப்புக்கு: வருஷாவருஷம் பொங்கல் நான்கு நாளும் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் நின்றோ நடந்தோ பார்த்ததை எல்லாம் எண்ணி இபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். பள்ளிப் பிள்ளைகளே செய்வார்கள். சீமைக்கருவேலத்தை எடுப்பதற்கு முந்தைய பொங்கலிலேயே தொடங்குங்கள். முன் கணக்கு இல்லாமல் பின்னால் என்ன கூடியது, என்ன குறைந்தது என்று சொல்ல முடியாது.

உங்கள் மாவட்டத்திலேயே கொள்ளுக்குடிப்பட்டியில், 1977-இல் அறிவிக்கப்பட்ட வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய ஊரில், பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சபையில் தயங்குபவர்களை ஒரு நாள் கார்த்திகையில் அங்கே கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

---

குட்டைத்தவளை

குட்டையை மறந்துவிட்டீர்கள். ஆறு ஏக்கரில் பாதி உயிர் அந்த முப்பது சென்ட்டில்தான்.

தூர் வாருகிறேன் என்று ஜேசிபி விட்டால் ஓட்டுநர் நான்கு பக்கமும் செங்குத்தாக வெட்டி எட்டடிக்குத் தொட்டி கட்டிவிடுவார். அதில் ஆட்டுக்குட்டி விழுந்தால் ஏற முடியாது, ஆமைக்கும் வழியில்லை, கொக்கு நிற்கத் திட்டு இருக்காது. நடுவில் அதிகபட்சம் நாலு அடி. கிழக்கு, தெற்குப் பக்கம் ஓரடி இறக்கத்துக்கு நாலடி நீளம் என்று சரிவு, மற்ற இரண்டு பக்கமும் மூன்றடி நீளம். தண்ணீர் மட்டத்துக்கு மேலே, மேற்குக் கரையில் மட்டும் ஐந்தாறு அடி உயரத்துக்கு ஒரு செங்குத்து மண் முகப்பு விடுங்கள். அதில் மீன்கொத்தியும் பஞ்சுருட்டானும் வளை தோண்டும். எடுத்த வண்டலைக் கரையில் குவிக்காமல் வயலுக்குக் கொடுங்கள், வட்டாட்சியரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு. குவித்தால் முதல் மழையிலேயே திரும்ப உள்ளே வந்துவிடும்.

ஒரு வருஷம் பாதிக் குட்டை, அடுத்த வருஷம் மறுபாதி. நத்தை, தவளை, கோரைக் கிழங்கு எல்லாம் அந்தச் சேற்றில்தான் கோடை உறங்கும். முழுதாக வழித்தால் மறுபடி வர வருஷமாகும். அடியில் களிமண் படலம் தெரிந்ததும் நிறுத்துங்கள். அதைக் கிழித்துச் சரளைக்குள் போய்விட்டால் தண்ணீர் நிற்காது, பிறகு பிளாஸ்டிக் விரிப்பு போடலாமா என்று கேட்டு வருவார்கள்.

கோடையில் நாளொன்றுக்கு ஐந்தாறு மில்லிமீட்டருக்குக் குறையாமல் ஆவியாகும், கசிவு தனி. கார்த்திகையில் நிறைந்த நாலடிக் குட்டை சித்திரை, வைகாசியில் வற்றிவிடும். வற்றட்டும். போர் போட்டு நிரப்பத் தேவையில்லை. வருஷத்துக்கு ஒருமுறை காய்ந்தால்தான் ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் நிலைக்காது, தலைப்பிரட்டை பிழைக்கும். கொசுவுக்கு என்று கம்பூசியா மீன் விடச் சொல்வார்கள். அது தவளைக் குஞ்சைத் தின்னும், வேண்டாம். தும்பியின் இளம்பருவம் நீருக்குள் கொசுப்புழுவைத் தின்றுதான் வளர்கிறது. அதற்குக் கோரையும் நீர்ச்செடியும் ஓரத்தில் இருந்தால் போதும்.

நெய்வேலிக் காட்டாமணக்கைத் தண்ணீர் வற்றிய மாதத்தில் வேரோடு எடுத்து, மேட்டில் போட்டு முழுதாகக் காய விடுங்கள். துண்டு துண்டாக வெட்டி ஈரத்தில் விட்டால் ஒவ்வொரு துண்டும் ஒரு செடி.

---

புல்லுக்கட்டு

குட்டைத்தவளை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். குட்டைக்குள் இருக்கும் நாட்டுக் கருவேலத்தைத் தொட வேண்டாம். நீரில் நிற்கும் முள் மரம் கொக்குக்கும் நாரைக்கும் கூடு வைக்க ஏற்றது. சீமைக்கருவேலமே நீருக்குள் நின்று அதில் கூடு இருந்தால், கருவேலம் வளர்ந்து இடம் கொடுக்கும்வரை அதை விட்டுவைப்பதுதான் சரி.

விதை பற்றிச் சொல்ல விட்டுப்போனது. கொழுக்கட்டைப் புல் ஏக்கருக்கு இரண்டரையிலிருந்து மூன்று கிலோ. அறுத்த உடனே தூவினால் முளைக்காது, புது விதைக்கு உறக்கம் உண்டு. ஆறு மாதம், முடிந்தால் எட்டு மாதம் பழகிய விதை வாங்குங்கள். பஞ்சுபோல் ஒன்றோடொன்று ஒட்டும், காற்றில் பறக்கும். நான்கைந்து மடங்கு ஈர மணலோடு பிசைந்து தூவி, மேலே முள்கொத்தை ஒரு இழுப்பு இழுத்தால் போதும். அரை விரற்கடைக்கு மேல் ஆழம் போனால் வராது, அதனால் விதைத்த பின் உழக் கூடாது. கடையில் நீலக்கொழுக்கட்டை என்று கிடைப்பதும் நல்ல தீவனம், ஆனால் உள்ளூர் வகை கிடைத்தால் அதுவே முதல்.

எடுத்த பரப்பில் பாதிக்கு மட்டும் விதையுங்கள். மறுபாதியைச் சும்மா விட்டு என்ன வருகிறது என்று பாருங்கள். அருகு, துடைப்பப்புல், கொழிஞ்சி, ஆவாரை, கிலுகிலுப்பை என்று தானாகவே வரும். கொழிஞ்சியும் ஆவாரையும் ஆடு சீண்டாது என்பதால் சில இடத்தில் அவை மட்டுமே பெருகும், கூடுதலானால் தழையுரமாக அறுத்துக்கொள்ளலாம், முழுதாக அழிக்காதீர்கள். ஆவாரையில் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும். எருக்கும் ஆடுதீண்டாப்பாளையும் அப்படித்தான், களை என்று பிடுங்கக் கூடாதவை.

மரம் வைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. விளிம்பில் வையுங்கள். கோயில் காட்டை ஒட்டி இரண்டு வரிசை, அதே காட்டில் விழுந்த வீரை, பாலை விதையில் வளர்த்த கன்று. குட்டைக் கரையில் நீர்மருது நான்கைந்து. கிளுவை வேலியோடு இலந்தை, சூரை, காரை, சங்கஞ்செடி. மந்தை நடுவில் ஏக்கருக்கு ஐந்தாறு வெள்வேலம், அதற்கு மேல் வேண்டாம். பனை விதையைப் புரட்டாசியில், கரையில் பத்தடிக்கு ஒன்றாக, முக்கால் அடி ஆழத்தில் நேராக மண்ணிலேயே ஊன்றுங்கள். முளை முதலில் கீழ்நோக்கிப் போவதால் பையில் வளர்த்து மாற்றி நட்டால் பெரும்பாலும் போய்விடும்.

விதைப்பந்து எறியும் நிகழ்ச்சி யாராவது கேட்டால் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லுங்கள். திறந்த தரையில் எலியும் எறும்பும் தின்றது போக மிஞ்சுவது வெயிலில் காயும். பிழைப்பது எதுவோ அது உங்கள் புல்வெளிக்கு வேண்டாத மரமாக இருக்கும்.

---

மந்தைமேட்டான்

இன்னொரு கேள்வி. முற்றிய புல்லைப் பங்குனியில் கொளுத்தினால் புதுப்புல் வரும் என்று ஆட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். கொஞ்சம் கொளுத்தலாமா?

---

கிளுவைவேலி

வேண்டாம். கொளுத்தினால் பசுமை சீக்கிரம் தெரியும், உண்மை. ஆனால் பங்குனி, சித்திரையில் கௌதாரி முட்டையில் இருக்கும், ஆறு ஏக்கரில் தப்பிக்க இடமும் கிடையாது. கிளுவை வேலியும் சேர்ந்து போகும். முற்றிய புல்லை மாசியிலேயே மாட்டை விட்டு மிதிக்க வையுங்கள், மிச்சத்தை அறுங்கள். அறுத்ததில் விதை ஒட்டியிருந்தால் அடுத்த துண்டில் பரப்பப் பத்திரப்படுத்துங்கள், அது காசு கொடுக்காமல் கிடைத்த உள்ளூர் விதை. தீ வெளியிலிருந்து வருவதைத் தடுக்க, தை கடைசியில் சாலையோரமாகவும் சுடுகாட்டுப் பக்கமும் மூன்று மீட்டர் அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி வெற்றுப் பட்டை விடுங்கள். ஊரக வேலைத் திட்டப் பணிகளில் இதையும் கன்று பிடுங்குவதையும் சேர்க்க முடியுமா என்று ஊராட்சிச் செயலரிடம் இப்போதே கேட்டு வையுங்கள், தை மாதம் கேட்டால் அந்த வருஷத்துப் பட்டியல் முடிந்திருக்கும்.